தரை தட்டாமல் படகு ஓட்ட: கழிகளுக்கும் முகத்துவாரங்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கு

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் நான் முதல் தடவை சொந்தப் பொறுப்பில் படகு ஓட்டிப் போனது ஒரு பங்குனி மாதக் காலை. வாய்க்கால் முடிந்து கழி (கடலோரக் காயல்) திறந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது எந்தப் பக்கம் போனால் என்ன என்று தோன்றியது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இன்ஜின் சத்தம் கனத்தது, பின்னால் தண்ணீர் கலங்கிக் காப்பி நிறமானது, படகு நின்றுவிட்டது. காலை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, அதற்கு அடியில் சேறு முழங்கால் வரைக்கும். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம் அது என்பதுகூட எனக்குத் தெரியாது. மதியம் தாண்டித்தான் மிதந்தோம்.

பக்கத்தில் வத்தையில் (சிறு படகில்) வந்த பெரியவர் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு முன்னால் கை காட்டினார். "தம்பி, அங்க பாருங்க, கொக்கு நிக்குது. கொக்கு நிக்கிற இடத்துக்கு நேரா வண்டியை விட்டிருக்கீங்க." ஐம்பது அடி தள்ளி வரிசையாக நின்ற கொக்குகளை நானும் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தேன். அழகாக இருக்கின்றன என்று மட்டும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு இந்தக் கரையில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். 20 முதல் 30 அடி வரையுள்ள ஃபைபர் படகு, அவுட்போர்டு இன்ஜின், கூட நான்கைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம், பழவேற்காட்டிலிருந்து பாம்பன் வரைக்குமான கரை. நீச்சல் தெரியும், இன்ஜினைக் கிளப்பவும் திருப்பவும் தெரியும், ஆனால் ஆழமில்லாத தண்ணீர் புதிது என்பவர்களுக்காக இது.

படகு தண்ணீருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள்

விற்றவர் சொன்ன அளவை நம்ப வேண்டாம். ஆள், பெட்ரோல், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றியபின் அமைதியான தண்ணீரில் படகை நிறுத்தி, இன்ஜினை முழுதாக இறக்கி, புரொப்பல்லருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு முனையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளக்க வேண்டும். பெரும்பாலும் படகின் அடிப்பாகத்தைவிட இன்ஜின் கால்தான் ஆழமாக நிற்கும். எங்கள் படகில் அடிப்பாகம் 40 சென்டிமீட்டர், இன்ஜின் கால் 75 சென்டிமீட்டர். இன்ஜினைப் பாதி தூக்கி ஓட்டினால் 55. இந்த மூன்று எண்ணும் சுக்கான் பக்கத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது.

பிறகு நேரான மூங்கில் கம்பு ஒன்று, மூன்று மீட்டர் நீளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து ஒவ்வொரு 25 சென்டிமீட்டருக்கும் ஒரு கோடு போடுங்கள். உங்கள் இன்ஜின் கால் அளவில் ஒரு சிவப்புக் கோடு. இந்தக் கரையில் இதைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் அழுத்தமான எண்ணம். ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது படகுக்கு நேர் கீழே இருப்பதைத்தான் சொல்லும், முன்னால் இருப்பதைச் சொல்லாது. ஒரு மீட்டருக்குள் வந்துவிட்டால் அதன் எண் தடுமாறும். அடியில் கடற்புல் அடர்ந்திருந்தால் புல்லின் நுனியையே தரை என்று காட்டும். கம்பு அப்படி ஏமாற்றாது. அதோடு அடியில் என்ன இருக்கிறது என்றும் சொல்லும். மணலில் 'நறுக்'கென்று நிற்கும், சேற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கும், பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) கல்லில் தட்டும் சத்தம் கேட்கும்.

தண்ணீர் ஏறும் நேரம், வற்றும் நேரம்

இதுதான் முக்கியமான பாடம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் கிழக்குக் கரையில் நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை எட்டு மணிக்கு உச்சத்தில் இருந்த தண்ணீர் நாளை ஏறக்குறைய எட்டு ஐம்பதுக்கு உச்சத்துக்கு வரும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே சிறுத்துவிடும். வீட்டில் தொங்கும் நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதிக்கு இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை (ஏற்ற வற்ற நேரங்களின் பட்டியல்) இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் ஓதம், அலை, காற்று மூன்றுக்கும் முன்னறிவிப்பு தருகிறது, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குஜராத்தின் பாவ்நகரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 10 மீட்டர் அளவுக்குப் போகும். பாக் நீரிணைப் பக்கம் அது பெரும்பாலும் முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடும். இவ்வளவுதானே என்று புதியவர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் மொத்த ஆழமே ஒரு மீட்டர் இருக்கும் கழியில் அரை மீட்டர் என்பது பாதித் தண்ணீர். படகு போகுமா போகாதா என்பதை அந்த அரை மீட்டர்தான் முடிவு செய்கிறது.

ஏறும்போது தண்ணீர் ஒரே சீராக ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று என்று ஏறும். வற்றுவதும் அப்படியே. நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் போய்விடுகிறது. 'இப்பதானே வத்த ஆரம்பிச்சிருக்கு' என்று நீங்கள் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அதுதான்.

ஆகவே தெரியாத இடத்துக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது மட்டும் நுழையுங்கள். ஏற்றம் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து நுழைவது நல்லது. அப்போது தட்டினாலும் அரை மணி நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். உச்ச ஏற்றத்தில் நுழைவது அப்படி இல்லை. வழி எல்லாம் திறந்து கிடப்பது போலத் தோன்றும், ஆனால் அந்த நேரத்தில் மேட்டில் ஏறிவிட்டால் அடுத்து வருவதெல்லாம் வற்றம். அதுவும் பௌர்ணமி கழிந்த பெரிய ஏற்றத்தில் மேட்டில் உட்கார்ந்தால், அடுத்தடுத்த ஏற்றங்கள் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகும். அமாவாசை வரை படகு அங்கேயே கிடக்க நேரலாம்.

இன்னும் இரண்டு விஷயம். கழியின் உள்பகுதிக்கு ஏற்றம் தாமதமாகத்தான் வந்து சேரும். முகத்துவாரத்தில் தண்ணீர் திரும்பிய பிறகும் உள்ளே பழைய ஓட்டம் நீடிக்கும். அட்டவணை நேரத்தை உள்ளே அப்படியே பொருத்தாதீர்கள். அடுத்தது காற்று. கரையை நோக்கி அடிக்கும் காற்று தண்ணீரைக் குவிக்கும், கரையிலிருந்து அடிக்கும் காற்று தண்ணீரை வெளியே தள்ளும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கரை தெற்குப் பார்த்தது. சோழகக் காற்று தெற்கிலிருந்து வீசினால் அங்கே தண்ணீர் சேரும். வடக்குக் காற்று நாள் முழுக்க நின்று வீசினால் அட்டவணையில் சொன்னதைவிடக் குறையும். பருவமும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் கடல் மட்டமே சற்று உயர்ந்திருக்கும், பங்குனி வாக்கில் தாழ்ந்துவிடும். கார்த்திகையில் சிரமமில்லாமல் போன வழியில் பங்குனியில் தட்டினால் படகு மேல் குற்றமில்லை.

கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டிய ஆட்கள்

டேராடூனில் உள்ள தேசிய நீரியல் வரைபட அலுவலகத்தின் கடல் வரைபடம் வாங்கலாம். அதில் போட்டிருக்கும் ஆழம், தண்ணீர் மிகவும் வற்றிய நிலைக்குக் கணக்கிட்டது. அதோடு அன்றைய ஓத உயரத்தைக் கூட்ட வேண்டும். வரைபடத்தில் 0.6 மீட்டர், அந்த நேரத்து ஓதம் 0.5 மீட்டர் என்றால் 1.1 மீட்டர். எங்கள் இன்ஜின் கால் 0.75 போனால் மிச்சம் 35 சென்டிமீட்டர். அலை இருந்தால் அலை உயரத்தில் பாதியைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அலைப்பள்ளத்தில் படகு இறங்கும். சேற்றுத் தரை என்றால் 30 சென்டிமீட்டர் மிச்சம் எனக்குப் போதும். பார் உள்ள இடத்தில் ஒரு மீட்டர் இல்லாமல் போக மாட்டேன்.

வரைபடத்தில் ஆழத்தைப் பார்ப்பதற்கு முன், அந்த இடத்தை எந்த ஆண்டு அளந்தார்கள் என்ற குறிப்பைப் பாருங்கள். மணலும் சேறும் வருடா வருடம் இடம் மாறும் கரை இது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது முத்துப்பேட்டைக் காடு பெரும் சேதம் அடைந்தது. அப்படி ஒரு புயலுக்கு முன் பதிந்த ஜிபிஎஸ் தடத்தை இன்று நம்பி ஓட்டக்கூடாது. வாய்க்கால் கரையில் மரம் சாய்ந்திருக்கும், மேடு புதிதாக எழும்பியிருக்கும்.

அதனால் கடைசியாக நம்ப வேண்டியது நேற்று அந்த வழியில் போய் வந்த ஆளைத்தான். கரைக்குப் போனதும் இன்ஜினைக் கிளப்பாதீர்கள். வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'முகத்துவாரம் திறந்திருக்கா?' என்று மட்டும் கேட்டால் 'திறந்திருக்கு' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, இப்ப எந்தப் பக்கம் ஆழம், வடகரையா தென்கரையா? வத்தத்துல எவ்வளவு நிக்கும், இடுப்பளவா மாரளவா? நீங்க எத்தனை மணிக்கு உள்ள வருவீங்க?" அவர்கள் ஆழத்தை ஆள் உடம்பை வைத்துத்தான் சொல்வார்கள், கொஞ்சம் வெளியே போனால் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. அவர்களுடைய வள்ளத்தில் லாங் டெயில் இன்ஜின் இருக்கலாம். அதன் பிடியை அமுக்கினால் புரொப்பல்லர் அப்படியே மேலே வந்துவிடும். அவர் முக்கால் அடித் தண்ணீரில் போகிற வழியில் உங்கள் படகு போகாது. உங்கள் இன்ஜின் காலின் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் இரண்டு மூன்று பயணத்துக்கு உள்ளூர் ஆள் ஒருவரைக் கூலி பேசி அழைத்துப் போவது செலவாகத் தோன்றலாம். ஒரு புரொப்பல்லர் விலையை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அனுமதி விஷயத்தையும் கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். முத்துப்பேட்டைக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் அன்று பயணம் கிடையாது.

தண்ணீரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

வெயில் முதுகுப் பக்கம், உயரத்தில் இருக்கும்போது தண்ணீரின் நிறம் நன்றாகத் தெரியும். காலை ஒன்பதரைக்கு மேல் மேற்கு நோக்கிப் போவது, பிற்பகலில் கிழக்கு நோக்கி வருவது என்று வைத்துக்கொண்டால் சூரியன் உதவிக்கு வரும். போலராய்டு கண்ணாடி போட்டால் மேற்பரப்புப் பளபளப்பு குறைந்து அடிப்பகுதி தெரியும். மண்டபம் பக்கத்துத் தெளிந்த கடலில் வெளிர் பச்சை மணல், கரும்பச்சை ஆழம், பழுப்புத் திட்டு பார் அல்லது கடற்புல் என்று பிரித்துவிடலாம். ஆனால் முத்துப்பேட்டையிலும் பழவேற்காட்டிலும் எல்லாத் தண்ணீரும் ஒரே கலங்கல். அங்கே நிறத்தை விட்டுவிட்டு மேற்பரப்பின் அசைவைப் பார்க்க வேண்டும்.

லேசான காற்றில் கழி முழுக்கச் சின்னச் சின்ன அலை ஓடும்போது ஓரிடத்தில் மட்டும் அலை குத்துக் குத்தாக, நெருக்கமாக எழும்பினால் அங்கே மேடு. ஓட்டமுள்ள வாய்க்காலில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் சலசலத்தால் அதற்கு அடியில் திட்டோ மரக்கட்டையோ இருக்கிறது. காற்றுள்ள நேரத்தில் எண்ணெய் ஊற்றியது போல வழவழவென்று ஒரு பட்டை தெரிந்தால் பெரும்பாலும் புல் மேலே வரை வளர்ந்திருக்கிறது.

வளைவுகளில் வெளிக்கரையை ஒட்டிப் போங்கள். ஓட்டம் வெளிக்கரையை அரித்து ஆழமாக்கும், உள்கரையில் மண்ணைப் படிய விடும். மூலையைக் குறுக்கே வெட்டிப் போக மனம் சொல்லும். அந்த மூலையில்தான் மேடு இருக்கிறது. இரண்டு வாய்க்கால் சேரும் இடத்தில் நடுவில் ஒரு நாக்கு மாதிரி மணல் நீண்டிருக்கும், சேரும் முனையை ஒட்டித் திரும்பாமல் நன்றாகத் தள்ளி வந்து திரும்ப வேண்டும். வாய்க்கால் கழியில் வந்து விழும் இடத்திலும் இதே கதை. ஓட்டம் அகன்று வேகம் குறைந்ததும் சுமந்து வந்த வண்டலை அங்கேயே போட்டுவிடுகிறது. நான் தட்டியது அப்படி ஒரு இடத்தில்தான்.

பறவைகளைப் பாருங்கள். கொக்கும் நாரையும் நிற்கும் இடத்தில் உங்கள் படகு போகாது. பூநாரைக்குக் கால் நீளம், அது நடந்துபோகும் இடம் முக்கால் மீட்டர் ஆழம்கூட இருக்காது. ஆலாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் அவை மிதக்கின்றனவா நிற்கின்றனவா என்று உற்றுப் பாருங்கள்.

குச்சிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கழியில் ஊன்றியிருக்கும் குச்சிகள், அதில் கட்டிய துணி, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் வழி காட்டுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். பல, வலை கட்ட ஊன்றியவை. சில, மூழ்கிக் கிடக்கும் கட்டையைக் காட்டுபவை. எது எதற்கு என்று கரையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். துறைமுக வாய்களில் முறையான மிதவைகள் இருக்கும். இந்தியாவில் கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடக்கைப் பக்கம், பச்சை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வெளியே போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துக் கற்றவர்கள் கவனிக்க வேண்டும், அங்கே இது தலைகீழ்.

வேகம்

எந்த வேகத்தில் தட்டினால் யாருக்கும் அடிபடாதோ அந்த வேகம் போதும். நடக்கிற வேகம்.

வேகமாகப் போனால் படகு தண்ணீர் மேல் எழும்பி ஓடும், ஆழம் குறைவாகப் போதும் என்று சில அனுபவசாலிகள் சொல்வார்கள். எழும்பி ஓடுவது உண்மை. ஆனால் அந்த ஓட்டத்தில் இன்ஜின் கால் மேட்டில் மாட்டினால் அணியத்தில் (படகின் முன்பகுதியில்) நிற்பவர் தூக்கி எறியப்படுவார். தெரிந்த வழியில் பத்து வருடம் ஓடியவர் செய்யட்டும், நாம் செய்ய வேண்டாம்.

ஒருவரைக் கம்போடு அணியத்தில் உட்கார வையுங்கள், நிற்க வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை கம்பை ஊன்றி ஆழத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். "ஒன்னேகால்... ஒன்னேகால்... ஒன்னு... முக்கால்." எண் இரண்டு முறை தொடர்ந்து குறைந்தால் நியூட்ரல். மூன்றாவது முறை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து இடமும் வலமும் ஊன்றிப் பார்த்து ஆழமான பக்கம் திரும்புங்கள்.

ஆழம் குறைவதைப் படகே சொல்லும். சுக்கான் மந்தமாகும். பின்பக்கம் சற்று அமுங்கும். உங்களுக்குப் பின்னால் வரும் அலை உயர்ந்து துரத்துவது போல நெருங்கும். இன்ஜினிலிருந்து பீய்ச்சும் குளிர்விப்புத் தண்ணீர் மெலியும் அல்லது நிறம் மாறும். இந்த நான்கில் எது வந்தாலும் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆழமில்லாத இடத்தில் வேகம் கூட்டக் கூட்டப் படகு இன்னும் கீழே அமுங்கும்.

கடற்புல் உள்ள இடத்தில் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கம்பால் தள்ளிப் போவதே சரி. புரொப்பல்லர் கிழித்த கோடு ஆறப் பல ஆண்டுகள் எடுக்கும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இந்தப் புல்லை நம்பித்தான் கடற்பசு வாழ்கிறது என்பதால். நாம் மிச்சப்படுத்தும் பத்து நிமிடத்துக்காக அதன் மேய்ச்சல் நிலத்தை உழக்கூடாது.

முகத்துவாரத்தைக் கடப்பது

இதுவரை சொன்னதில் தவறினால் ஒரு பகல் பொழுது போகும். இங்கே தவறினால் உயிர் போகும்.

முத்துப்பேட்டையின் வாய் பாக் நீரிணைக்குள் இருப்பதால் பெரிய அலை குறைவு. ஆனால் பழவேற்காடு, பரங்கிப்பேட்டையின் வெள்ளாறு, பழையாறு பக்கத்துக் கொள்ளிடம் போன்ற வாய்கள் வங்கக் கடலுக்கு நேராகத் திறக்கின்றன. வருடத்தின் பெரும்பகுதி அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. சென்னைத் துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரை அரித்தது. அதே மணல் ஆற்று வாய்க்கு வந்தால் தென்கரையிலிருந்து நாக்கு போல வளர்ந்து வாயை வடக்கே தள்ளும். வாடை காலத்தில் திசை மாறும். மழை வெள்ளம் வந்து நடுவில் புதிதாக உடைக்கும். கோடையில் சில வாய்கள் அடைத்தே போகும். இரண்டு மாதம் கழித்துப் போகிறவருக்கு அது புதிய இடம்.

வாய்க்கு வெளியே மணல் மேட்டில் அலை உடையும். ஒரு மீட்டர் உயர அலை, ஆழம் ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆகும் இடத்தில் உடைகிறது. ஆக வெள்ளை நுரை எங்கே எழும்புகிறதோ அங்கே எவ்வளவு ஆழம் என்று அலையே அளந்து காட்டுகிறது. நுரைக்கு நடுவில் உடையாமல் போகும் இடைவெளிதான் வழி.

தண்ணீர் வற்றும்போது ஆற்று ஓட்டம் வெளியே பாயும், அலை உள்ளே வரும். இரண்டும் மோதினால் அலை செங்குத்தாக எழும்பும். அமாவாசை, பௌர்ணமி வற்றத்தில் வாயைக் கடக்கவே கூடாது. ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம்தான் நம் நேரம்.

வாய்க்குள் நுழையும் முன் பாதுகாப்பான தூரத்தில் இருந்து 20 நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். எத்தனை பெரிய அலை, எவ்வளவு நேர ஓய்வு என்று எண்ணுங்கள். வெளியே போகும்போது அணியம் அலைக்கு நேராக, இன்ஜின் விசை விடாமல், ஆனால் அலை முகட்டிலிருந்து பறக்காத வேகத்தில் போக வேண்டும். உள்ளே வருவதுதான் கடினம். ஒரு அலையின் முதுகில் ஏறி, அதன் வேகத்திலேயே, முகட்டைத் தாண்டாமல் வர வேண்டும். முந்தினால் அணியம் குத்தும், படகு குறுக்கே திரும்பிக் கவிழும். பிந்தினால் பின்னால் வரும் அலை படகுக்குள் விழும். நுழைந்த பிறகு பாதியில் திரும்ப நினைக்காதீர்கள், திரும்பும் நேரத்தில் படகின் பக்கவாட்டில் அலை அடிக்கும். சந்தேகம் இருந்தால் வெளியிலேயே காத்திருங்கள், அல்லது பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை எல்லாரும் கரையிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குடும்பமாக வந்தவர்கள், லைஃப் ஜாக்கெட் இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் பார்க்கப் போகலாமா என்று யாராவது கேட்டால் என் பதில், வேண்டாம்.

பாம்பன் வாய்க்காலையும் இந்தக் கணக்கில் சேருங்கள். பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே பாறைகளும் பாலத் தூண்களும் உள்ள ஒடுக்கமான வழி. சோழகக் காலத்தில் ஓட்டம் வடக்கே, வாடைக் காலத்தில் தெற்கே, இரண்டு பருவத்திலும் வேகமாக இருக்கும். உள்ளூர் ஆள் இல்லாமல் போக வேண்டாம்.

தட்டிவிட்டால்

முதலில் நியூட்ரல், பிறகு இன்ஜினை அணைத்துவிடுங்கள். முன்னால் விசை கொடுத்துத் தாண்டிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் மேட்டில் இன்னும் ஏறுவீர்கள், இன்ஜின் சேற்றை உறிஞ்சிக் குளிர்விப்புக் குழாய் அடைக்கும். யாருக்காவது அடியா, படகுக்குள் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து மணியைப் பாருங்கள். தண்ணீர் ஏறுகிறதென்றால் நங்கூரம் போட்டு உட்காருங்கள். நங்கூரம் அவசியம், இல்லாவிட்டால் மிதக்க மிதக்கக் காற்று இன்னும் மேட்டுக்கே தள்ளும். வற்றுகிறதென்றால் உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. கம்பால் சுற்றிலும் ஊன்றிப் பாருங்கள். வந்த வழியில் ஆழம் இருந்தது என்பது உறுதி, ஆகவே பின்னால் போவதுதான் முதல் முயற்சி. இன்ஜின் காலைத் தூக்குங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை அணியத்துக்கு வரச் சொன்னால் பின்பக்கம் சற்று எழும்பும். அணியம் தட்டியிருந்தால் எல்லாரும் பின்னால் போக வேண்டும். நான்கு பேர் இறங்கினால் எங்கள் அளவுப் படகு 2 சென்டிமீட்டர்தான் உயரும், ஆனால் பல நேரம் அந்த இரண்டே போதும். இறங்குபவர்கள் செருப்பு, ஷூ ஏதாவது போட்டிருக்க வேண்டும், மட்டிச் சிப்பி காலைக் கிழிக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். சேறு தொடை வரை இழுக்கும் இடத்திலோ ஓட்டமுள்ள இடத்திலோ இறங்கவே வேண்டாம்.

அப்படியும் அசையவில்லை என்றால் நங்கூரத்தை ஆழமான பக்கம் கயிறு எட்டும் மட்டும் கொண்டுபோய்ப் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி விறைப்பாக வையுங்கள். தண்ணீர் ஏறும்போது படகு அந்தப் பக்கமே வரும். வேறு படகு வந்து இழுத்தால் கயிற்றை இன்ஜினிலோ இருக்கைப் பலகையிலோ கட்டக் கூடாது. இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் சவுக்கு மாதிரி திரும்பி வரும்.

இருட்டுவதற்குள் மிதக்காது என்று தெரிந்தால், போனில் சார்ஜ் இருக்கும்போதே கரைக்குச் சொல்லிவிடுங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறை 1093. விஎச்எஃப் ரேடியோ இருந்தால் சேனல் 16. குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், டார்ச், விசில், துடுப்பு இரண்டு, தண்ணீர் இறைக்க வாளி, மாற்றுப் புரொப்பல்லரும் அதை மாட்டும் சாவியும், வெயிலுக்கு ஒரு தார்ப்பாய் எப்போதும் படகில் இருக்கட்டும். முதல் தடவை தட்டி நின்ற அந்த ஐந்து மணி நேரத்தில் நான் மிகவும் ஏங்கியது அந்தத் தார்ப்பாய்க்குத்தான்.

திரும்பி வந்ததும்

இன்ஜினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட விடுங்கள், சேறும் உப்பும் கழுவிப் போகும். புரொப்பல்லர் இதழ்களில் விரலை ஓட்டிப் பாருங்கள், சின்ன மடிப்பு இருந்தாலும் அதிர்வில் தண்டு கெடும். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, திதி, நேரம், காற்றின் திசை, எந்த இடத்தில் கம்பு எவ்வளவு காட்டியது, யாரிடம் என்ன கேட்டோம் என்று அன்று இரவே எழுதிவிடுங்கள். ஜிபிஎஸ் தடத்தைச் சேமிக்கும்போது பெயரில் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். மழைக்காலம் முடிந்ததும் போன வருடத் தடங்களை அழித்துவிட்டுக் கம்போடு புதிதாகத் தொடங்குங்கள்.